லயத்துப் பாட்டும் அணிநடைப் பாட்டும்



மலேசியாவின் செமினியில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகமும் நிற்கின்றன. ஒரு காலத்தில் இது பால்மரக் காடு. தோட்டங்கள் போன பிறகும் அவற்றின் பெயரைத் தாங்கிவரும் தமிழ்ப்பள்ளிகள் அதற்குச் சாட்சி. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டத் தமிழர் இருவகைப் பாட்டுக்கு உரியவர்களாக இருந்தார்கள். ஒன்று இன்றும் ஒலிக்கிறது. மற்றது, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தோடு மங்கிவருகிறது. இச்சொற்பொழிவின் கவலை அந்த இரண்டாவது பாட்டைப் பற்றியது.

முதலாவது, இந்திய தேசிய ராணுவத்தின் 'கதம் கதம் படாயே ஜா'. வம்சீதர் சுக்லா எழுதிய வரிகளுக்கு இசை அமைத்தவர் கூர்க்கா வீரர் ராம்சிங் தாக்கூரி. மலாயாப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைவி கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி, பின்னாளின் ஜானகி ஆதி நாகப்பன், அவருக்கு அடுத்த நிலையில் பொறுப்பேற்றார். படையில் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களே அவர்களில் மிகுதி. படையின் பொதுமொழி இந்துஸ்தானி. ரோமன் எழுத்தில் படித்து அந்த மொழியில் அணிநடை போட்டார்கள்.

போர் முடிந்தது, பாட்டு முடியவில்லை. 1950இல் 'சமாதி' படத்துக்காக சி. ராமச்சந்திரா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 2005இல் அந்த ராணுவத்தின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் பற்றிய ஷியாம் பெனகலின் படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் புதிய ஒலியில் அமைத்தார். இந்திய ராணுவத்தின் வாத்தியக் குழுக்கள் இன்றும் வாசிக்கின்றன.

இரண்டாவது, லயத்து ஒப்பாரி. போர் நடந்த அதே ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைத் தின்றிருந்தன. திரும்பாதவர்களுக்கு லயங்களில் ஒப்பாரி எழுந்தது. அந்த ஒப்பாரிகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, இசைக்குறிப்பு இல்லை, வாசிக்க ஒரு வாத்தியக் குழு இல்லை. பாடியவளின் குரல் நின்றதும் மெட்டும் நின்றது.

லயத்துப் பாட்டு மங்கியதில் தொழிலும் ஒரு பங்கு வகித்தது. வயலில் நடவுப் பாட்டு கூட்டமாய்ப் பாடுவது. ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்வார்கள். பால்மரம் வெட்டுகிறவளோ விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிறகு தன் நிரையில் தனியாக நிற்பாள். பாட்டுக்கு மிஞ்சியவை தாலாட்டும் மாலை நேரத்து லயமும் இழவு வீடும்.

மெட்டு வேறு உருவம் எடுப்பது பாட்டுக்குக் கேடு என்று அஞ்சுவோர் 'நெகாராகூ'வைப் பார்க்கலாம். பேராக் மாநிலப் பண்ணாக இருந்த அந்த மெட்டு, 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாக மக்களிடையே உலவி, 1957இல் மலாயாவின் தேசிய கீதமானது. 1992இல் அணிநடை வேகத்துக்கு மாற்றினார்கள். 2003இல் பழைய நடைக்குத் திருப்பினார்கள். இத்தனைக்குப் பிறகும் மெட்டு அழியவில்லை.

பழைய மெட்டைப் புதிதாக வார்க்கும் கலை கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களுக்கும் புதிதல்ல. பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளத்தை ஏந்தி நிற்பவர்கள் அவர்கள். 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பில் இளையராஜாவின் 'மடை திறந்து' பாடலை ராப் இசையில் வார்த்தார்கள். 2021இல் தமிழ்நாட்டிலிருந்து அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியின் நினைவும் ஒப்பாரிக் குரலும் அதில் கலந்திருக்கின்றன. ஒரு தோட்டத்து ஒப்பாரியைக் கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்பார்கள் என்பதை அது மெய்ப்பித்தது. பாட்டுக்கு உரிய பெயர் யாருக்கு என்ற விவாதத்தையும் எழுப்பியது.

ஆகவே செமினி, காஜாங், கிள்ளான் தோட்டங்களில் வளர்ந்த மூதாட்டிகளின் குரலை இப்போதே பதிவு செய்ய வேண்டும். எழுத்தில் வரிகளை மட்டும் எடுத்தால் மெட்டு தப்பிவிடும். இழுப்பும் விம்மலும் ஒலியில்தான் பிடிபடும். தோட்டத்தின் பெயரும், பாடியவர் இசைந்தால் அவர் பெயரும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அப்பதிவுகளைக் காப்பகமாக்கலாம். ராப் கலைஞர் முதல் உறுமிக் குழு வரை, மூலப் பாடகியின் பெயரைச் சொல்லி எடுத்தாள அது திறந்திருக்கலாம். தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் பாட்டிகளிடமிருந்தே இந்த வேலையைத் தொடங்க முடியும்.