போன் இருக்கும்போது நூலகம் எதுக்கு?

நான் பத்தாவது வரை படிச்ச குடும்பத்தலைவி. எனக்குத் தெரிஞ்ச அளவுல நூலகம் பற்றிப் பேசுகிறேன்.

"எல்லாம்தான் போன்ல வருதே, பிறகு நூலகம் எதுக்கு?"ன்னு நம்ம குழுக்கள்லயே கேக்காங்க. நம்ம கரையில பல வீட்டுல போன் ஒண்ணுதான். வீட்டுக்காரர் கடலுக்குப் போகும்போது அதுவும் கூடப் போயிரும். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற நேரம் போன் நடுக்கடல்ல இருக்கும். குரூப் 4 தேர்வு எழுதப் பத்தாவது பாஸ் போதும். நம்மள்ல எத்தனை பேர் பத்தாவது முடிச்சிருக்கோம்! அதுக்கான புத்தகத்தை விலைக்கு வாங்க முடியாதவங்க நூலகத்துல உக்காந்து படிக்கலாம்.

இது யாரும் நமக்குப் போடுற தர்மம் இல்லை. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலா 1948-ல் நம்ம மாகாணத்தில்தான் பொது நூலகச் சட்டம் வந்தது. அதுக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. காசு கட்டுறது நாம, உள்ளே போகாம இருக்கிறதும் நாம.

முத்துக்குளித்துறைக்கும் புத்தகத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. மொத்தம் 16 பக்கம். தமிழ் அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தது இந்தக் கரையில முத்துக் குளிச்ச மக்கள். அந்தப் புத்தகம் இன்னைக்கு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு. ஒரு நூலகம் பத்திரமா வச்சதாலதான் தப்பிச்சது. நம்ம போன்ல போன மாசம் வந்த சேதியைத் தேடினா கிடைக்குதா?

போன் வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா அது கேக்காததையும் கொண்டுவந்து தள்ளுது. லோன் ஆப்பும் அதுலதான் வருது, புரளியும் அதுலதான் வருது. நூலகத்துல நமக்கு வேண்டியதை நாமதான் தேடி எடுக்கோம்.

குறையும் இருக்கு. 2006-லிருந்து அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் கட்டின நூலகங்கள்ல பல பூட்டிக் கிடக்கு. திறந்திருக்கிற இடத்துலயும் நேரம் நமக்குத் தோதுப்படலை. காலையில மீன் ஏலம், தண்ணி, சமையல். நாம ஓயுற நேரத்துல கதவு சாத்தியிருக்கு.

அதனால மூணு காரியம் கேக்கேன். ஒவ்வொரு குழுவிலும் எல்லாரும், மகள்களோட சேர்ந்து, நூலக உறுப்பினர் ஆகணும். அடுத்தது, 1000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். 20 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் குழுவில் ஒருத்தர் பேரில் கட்டிரலாம். மூணாவது, வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில், பூட்டினதைத் திறக்கவும் சாயந்திரம் திறந்து வைக்கவும் தீர்மானம் கொண்டு வரணும்.

ஆள் வராத கடையை யாரும் திறந்து வைக்க மாட்டாங்க. நாம போனால்தான் நம்ம பிள்ளைகளுக்கு அது மிஞ்சும்.