நம்பிக்கைக்குரிய பணியாளரும் நம்பிக்கைக்குரிய வீடும்

(லான்மடாவ் வட்டாரத்தில் முதியோரை விட்டுப் புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெற்றோர் - இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று என்னைப் பேசப் பணித்துள்ள பொருள், முதற்பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். மொழி குறித்தும் உரிமை குறித்தும் பேசிய இம்மேடையில், வீடு துப்புரவு செய்ய ஆள் அமர்த்துவது பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும், லான்மடாவிலுள்ள வீட்டில் தாயையோ தந்தையையோ தனியே விட்டுவிட்டு அயல்நாட்டில் வாழும் நம்மில் பலருக்கு, இரவில் உறக்கம் கெடுக்கும் கவலைகளுள் இதுவும் ஒன்று என்பதை நான் அறிவேன்.

அவ்வீடுகள் எத்தகையவை என்பதை இங்கே பிறந்து வளர்ந்த இளையோர்க்காகச் சொல்கிறேன். யாங்கோன் நகரின் மையப்பகுதியில், மேற்கே, சீனக்கடைத்தெருவை ஒட்டி அமைந்தது லான்மடாவ். நம் முன்னோர் கோட்வின் சாலை என்று அறிந்திருந்ததே இன்றைய லான்மடாவ் சாலை. குறுகிய தெருக்களில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் பழைய அடுக்கு வீடுகளுள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. செங்குத்தான படிக்கட்டுதான். மாடியிலிருந்து ஒரு கயிறு தெருவரை தொங்கும். அதன் நுனியிலுள்ள கவ்வியில் செய்தித்தாளும் உணவுப்பொட்டலமும் மேலேறும். கீழ்க்கதவின் சாவி அதே கயிற்றில் கீழிறங்கும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை படரும். மின்சாரம் இருந்தால்தான் நீரேற்றி இயங்கும். மின்சாரமில்லாத வேளையில் தண்ணீர் சுமந்துதான் ஏற வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஒருவர் இத்தகைய வீட்டைத் தனியே தூய்மையாக வைத்திருத்தல் அரிது. எனவே ஆள் தேவைப்படுகிறது. உடனே நாம் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "நம்பிக்கையான ஆள் கிடைப்பாரா?"

நானும் அதையே கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், முழங்கால் வலியால் என் தாயார் குனிந்து பெருக்க இயலாத நிலையை அடைந்தபோது, தொலைபேசி வாயிலாக ஒரு தரகரை அமர்த்தினேன். வரும் பெண் கைசுத்தமானவளா, வம்பு பேசுவாளா, ஆண் நண்பர்கள் வருவார்களா, இதற்குமுன் எங்கே வேலை செய்தாள் என்று பத்துக் கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நிறைவான விடையே வந்தது. மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாக அத்தரகரிடம் செலுத்தினேன். ஒரு மாதம் கழித்துக் காணொளி அழைப்பில் என் தாயாருடன் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னணியில் பாத்திரம் துலக்கும் தொட்டி தெரிந்தது. அதன் முன்னே ஒரு முக்காலி. முக்காலியின் மீது நின்று ஒரு குழந்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. வயது பதின்மூன்றுக்கு மேல் இராது.

நான் கேட்ட பத்துக் கேள்விகளுள் அவளுடைய வயது இல்லை.

என் தாயாரிடம் இதைச் சொன்னபோது அவர் வருந்தினார்; சினமும் கொண்டார். "நான் என்ன அவளை அடித்தேனா? மூன்று வேளையும் சோறு போடுகிறேன், துணி எடுத்துக் கொடுக்கிறேன். ஊரில் இருந்தால் அவளுக்கு இதுகூடக் கிடையாதே" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. அவர் அன்பானவர். ஆயினும் அச்சிறுமியின் முன்பணம் தரகரின் கையில் இருந்தது. அவளுடைய குடும்பப் பதிவின் நகலும் அவரிடமே இருந்தது. எங்கள் வீட்டைவிட்டு அவள் செல்ல விரும்பினாலும் செல்வதற்கு வழியில்லை. நாங்கள் அவளை உடனே அனுப்பியிருந்தால், அத்தரகர் அவளை வேறொரு வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். அவ்வீட்டில் சோறு கிடைத்திருக்குமோ அடி கிடைத்திருக்குமோ, யார் அறிவார்?

இது மிகையான அச்சமன்று. லான்மடாவுக்குக் கிழக்கே லதா, பபேடான் ஆகியவற்றைக் கடந்தால் வருவது சௌக்தடா. அங்கே ஒரு தையற்கடைக் குடும்பத்தின் வீட்டில், வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட இரண்டு சிறுமிகள் ஐந்து ஆண்டுகள் அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யப்பட்டனர் என்னும் செய்தி 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. மக்கள் நிறைந்த தெரு. வாடிக்கையாளர் வந்துபோகும் கடை. பெற்றோர் முறையிட்டும் பயனில்லை. தேசிய மனித உரிமை ஆணையமோ, வழக்குத் தொடுக்காமல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துவைத்தது. மியன்மார் நவ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர் சுவே வின் இதனை வெளிக்கொணர்ந்த பின்னரே குற்றவாளிகள் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஆணைய உறுப்பினர் நால்வர் பதவி விலகினர். 2017 டிசம்பரில் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

"அது அவர்கள் செய்தது, நம்மவர் அப்படிச் செய்யார்" என்று கூறுவோருக்காக இன்னொன்றையும் கனத்த மனத்துடன் சொல்ல வேண்டியுள்ளது. 2015ஆம் ஆண்டு மியன்மாரின் சின் இனத்தைச் சேர்ந்த ஓர் இளந்தாய், தன் சின்னஞ்சிறு மகனை ஊரில் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு வீட்டுப் பணிக்குச் சென்றார். 2016 ஜூலையில், தம் 24ஆம் வயதில், அவ்வீட்டிலேயே கொல்லப்பட்டார். இறக்கும்போது அவருடைய எடை 24 கிலோ மட்டுமே. அவரைக் கண்காணிக்க வீட்டில் ஒளிப்பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் பதிவாகியிருந்த இறுதி 35 நாள் காட்சிகளே வழக்கில் சான்றாயின. 2021இல் அவ்வீட்டுத் தலைவிக்கு 30 ஆண்டுகளும், 2023இல் அவருடைய தாயாருக்கு 14 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அக்குடும்பத்தார் தாங்கியிருந்தவை நம்மவர் பெயர்கள். பணியாளரை நம்பாமல் கருவி பொருத்திய வீடு அது. அந்தப் பெண் நம்பி வந்த வீடும் அதுவே.

ஆகவே நான் இன்று வலியுறுத்த விரும்புவது இது ஒன்றே. "நம்பிக்கையான ஆள் கிடைப்பாரா?" என்பது பாதிக் கேள்வி. "வருபவர் நம்பத்தக்கதாக நம் வீடு இருக்கிறதா?" என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் நம் முதியோருக்கும் பாதுகாப்பு உண்டு.

இதற்கென நாங்கள் பட்டறிந்து கைக்கொண்ட சில நடைமுறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, வயது. 2019ஆம் ஆண்டு மியன்மார்ச் சிறுவர் உரிமைச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் என வரையறுத்து, வேலைக்கான குறைந்த வயதை 14 என வகுத்தது. நம் குடும்பங்கள் 18 என்பதையே எல்லையாகக் கொள்வோம். அடையாள அட்டையை நேரில் பாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உடனே திருப்பிக் கொடுங்கள். பிறருடைய அட்டையை நாம் பூட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது, அது பிணை பிடித்தலே ஆகும்.

இரண்டாவது, தரகர். அவருக்குரிய கட்டணத்தை நாமே தனியாகக் கொடுப்போம். பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கும் முன்பணம் எதற்கும் உடன்படலாகாது. தரகரின் சொல்லை மட்டும் நம்பாமல், அப்பணியாளர் தற்போது வேலை செய்யும் இரண்டு வீடுகளில் விசாரியுங்கள். உறவினர் ஒருவர் முன்னிலையில் ஒருநாள் கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் வேலையை நாம் அறிவோம். நம் வீட்டை அவர் அறிவார்.

மூன்றாவது, எழுத்து. பர்மிய மொழியில் ஒரு பக்கத் தாள் போதும். எந்தெந்த அறைகள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எந்நாளில் கூலி, வார ஓய்வு, திஞ்ஞான் விடுமுறை, நோயுற்றால் என்ன செய்வது என அனைத்தையும் எழுதுங்கள். மியன்மாரில் 2015இல் நாளொன்றுக்கு 3,600 கியாட் என்றும், 2018இல் 4,800 கியாட் என்றும் குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டபோதும், சிறு பணியிடங்கள் அதற்கு வெளியே விடப்பட்டன. வீட்டுப் பணியாளருக்கு அச்சட்டம் துணைநிற்கவில்லை. ஆகவே நாம் எழுதிக் கொடுக்கும் தாளே அவருக்கு ஆதாரம். தண்ணீர் சுமப்பது துப்புரவில் சேருமா சேராதா என்பதையும் எழுதுங்கள். நான்காம் மாடிச் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லாதீர்கள்.

நான்காவது, சாவியும் பொருளும். கீழே நின்று யார் குரல் கொடுத்தாலும் கயிற்றில் சாவியை இறக்கும் வழக்கத்தை நம் முதியோர் கைவிட வேண்டும். பணியாளர் வரும் நாளும் நேரமும் நிலையாக இருந்தால் இது எளிது. நகையையும் பணத்தையும் பூட்டி வையுங்கள். அது அவரைச் சந்தேகத்திலிருந்து காக்கும். ஏதேனும் காணாமற்போனால் முதலில் வீடு முழுவதும் தேடுங்கள். வீட்டார் அனைவரையும் கேளுங்கள். பணியாளரின் பையை அவரறியாமல் திறக்காதீர்கள்.

ஐந்தாவது, உடல்நலம். வெளுப்பு நீரையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வளி வெளிப்படும். காற்றோட்டமற்ற நம் பழைய குளியலறைகளில் அது மிகவும் ஆபத்தானது. குப்பிகளைத் தனித்தனியே வைத்து, பர்மிய மொழியில் எழுதி ஒட்டுங்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள்.

ஆறாவது, வீட்டோடு தங்கும் பணியாளர். இரவு தங்குவோர் பெயரை வட்ட அலுவலகத்தில் பதியும் கட்டாயம் 2016இல் நீக்கப்பட்டு, 2021 பெப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பின் பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட்டது. பதியாமல் தங்கவைத்தால் இருவருக்கும் இடர். இயன்றவரை அருகில் வசிக்கும் ஒருவரைக் குறித்த நாள்களில் வந்துபோகச் செய்வதே நன்று. மாலையில் தம் வீட்டுக்குத் திரும்புபவருக்கு, குறை சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கும்.

இனி இளையோர்களே, உங்களிடம் ஒரு சொல். யாங்கோன் தெருக்களின் பின்புறம் நீண்ட சந்துகள் உண்டு. இரவுக் கழிவை அகற்றும் பொருட்டு ஏற்பட்டவை அவை. அக்காலத்தில் அச்சந்துகளில் வாளி சுமந்தவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள், தெலுங்கரும் தமிழரும். 1941 டிசம்பர் 23 அன்று சப்பானியரின் குண்டுகள் ரங்கூன் மீது விழுந்தபோது, துறைமுகத் தொழிலாளரோடு துப்புரவாளரும் நகரைவிட்டு ஓடினர். நகரத்தின் துப்புரவு நிலைகுலைந்தது. அதுவரை அவர்களைக் "கலா" என்று இகழ்ந்த நகரம், தான் எவர் கையால் வாழ்ந்தது என்பதை அன்று உணர்ந்தது. நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். வாளி சுமந்த நம்மவருக்கு நம் வீட்டிலேயே தனிக்குவளை வைத்திருந்தோம். அக்குவளை வேறு வடிவில் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. பாட்டி வீட்டுக்கு விடுமுறையில் செல்லும்போது அதைக் கண்டால், தயங்காமல் கேளுங்கள். அங்கே வேலை செய்பவரை, வயதுக்கேற்ப "அமா" என்றோ "டோ" என்றோ பெயரோடு மரியாதையாக அழையுங்கள்.

2011 ஜூன் 16 அன்று செனீவாவில் பன்னாட்டுத் தொழிலமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றி, வீட்டுப் பணியாளரும் ஏனைய தொழிலாளரைப் போன்றவரே என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர்க்கென நலவாரியம் அமைந்தது. நம் உரிமைக்காகப் பன்னாட்டு அவைகளின் வாயிலில் நிற்கும் நாம், நம் வீட்டு வாயிலில் பிறர் உரிமையை மறந்தால், நம் சொல்லுக்கு மதிப்பேது?

அச்சிறுமி என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கக்கூடும். வட்டத்துப் பெரியவர் ஒருவரின் துணையோடு, ஐராவதிக் கழிமுகக் கிராமத்திலிருந்த அவளுடைய தாயைத் தேடிக் கண்டோம். தாய் நேரில் வந்தார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல், அவள் செய்த வேலைக்குரிய கூலியைத் தாயின் கையில் கொடுத்து, இருவரையும் பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். அதன்பின் அவள் பள்ளிக்குச் சென்றாளா என்பதை நான் அறியேன். இப்போது அடுத்த தெருவில் வசிக்கும் நடுவயதுப் பெண்மணி ஒருவர் வாரம் இருமுறை வருகிறார். வேலை முடிந்ததும் என் தாயாரும் அவரும் மாடியில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். குவளைகள் இரண்டும் ஒரே வகை. அம்முக்காலியை மட்டும் என் தாயார் தொட்டிக்கருகில் வைப்பதில்லை.