அயல்நாட்டில் ஆங்கிலம் போதிக்கச் சான்றிதழ் உதவுமா?

(பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தாய்மார் சிலர், "ஒரு மாத ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினால் மகள் வெளிநாட்டில் டீச்சராகலாமா?" என்று கேட்கின்றனர். நகையை அடகு வைக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

கேம்பிரிட்ஜின் செல்ட்டா படிப்பு ஏறத்தாழ 120 மணி நேரம். 6 மணி நேரம் உண்மையான மாணவர்முன் நின்று போதிக்க வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் விசா அதை மட்டும் பார்த்து வருவதில்லை. தென்கொரியா அமெரிக்கா, இங்கிலாந்து உள்ளிட்ட 7 நாட்டவருக்கே ஆங்கில ஆசிரியர் விசா தந்து வந்தது. 2010 சனவரி 1-இல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நம்மவருக்கும் பள்ளிகளில் துணையாசிரியராக வழி திறந்தது. அதற்குப் பட்டமும் வேண்டும், ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்பதும் பி.எட். தான்.

அடகுக் கடைக்குப் போயே தீரவேண்டுமென்றால், அதற்காகப் போங்கள்.