சொந்த முகவரி யாருக்குக் கிடைத்தது?



நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தேர்வில் புள்ளிகள் குறைந்தால், போட்ட கடை நொடித்தால், சம்பளம் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்தால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "சீனரைப் பார். அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தானே? எங்கே போய்விட்டார்கள்! நாம் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அதைக் கேட்டே வளரும் பிள்ளை, தன் தாத்தா பாட்டி சோம்பேறிகள், குடிகாரர்கள், சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற முடிவோடு வளர்கிறது. அந்த முடிவு சரிதானா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2019-ஆம் ஆண்டின் அரசாங்கக் குடும்ப வருமான ஆய்வில், வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் சீனக் குடும்பத்தின் மாத வருமானம் 7,391 வெள்ளி. அதேபோல் நடுவில் நிற்கும் இந்தியக் குடும்பத்துக்கு 5,981 வெள்ளி. வேறுபாடு உண்டு. ஆனாலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு அல்ல. ஒரு குடும்பத்தில் இன்னொருவர் வேலைக்குப் போனால் எட்டிப் பிடித்துவிடும் தூரம்தான்.

சொத்துக் கணக்குக்கு வந்தால்தான் தலை சுற்றுகிறது. 1970-இல் தீபகற்ப மலேசியாவின் நிறுவனப் பங்குடைமையில் சீனர் கையில் இருந்தது 27.2 விழுக்காடு, இந்தியர் கையில் 1.1 விழுக்காடு. சீனர்கள் எண்ணிக்கையில் நம்மைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஆளுக்கு ஆள் எட்டு மடங்கு இடைவெளி. 2004-இல் நாடு முழுமைக்குமான கணக்கில் சீனர் பங்கு 39 விழுக்காடு. இந்தியர் பங்கு 1.2 விழுக்காடு. 34 ஆண்டுகளில் நாம் ஏறியது ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு! போகிற போக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1970-இல் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்குகள் சீனரிடமும் இல்லை, வெளிநாட்டவரிடம் இருந்தன. நம்மவர்கள் விடியற்காலையில் வெட்டிய பால்மரங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் நின்றன.

ஆகவே கேள்வி இதுதான்: மாதச் சம்பளத்தில் அருகருகே வந்துவிட்ட இரு சமூகங்கள், சொத்தில் மட்டும் இவ்வளவு தள்ளி நிற்பது ஏன்?

சீனர்கள் பணத்தோடு வந்து இறங்கினார்கள் என்று நினைப்பவர்கள் 1857-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் ஈயம் தேடி அம்பாங் பக்கம் அனுப்பப்பட்ட 87 சீனத் தொழிலாளர்களில், ஒரு மாதத்தில் எஞ்சியவர்கள் 18 பேர்தான். மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. கப்பல் கட்டணமே கடன். அந்தக் கடன் தீரும்வரை லம்பத்தில் வேலை. அபினும் அரிசியும் முதலாளியின் கடையிலேயே வாங்க வேண்டும். கோலாலம்பூரைக் கட்டியெழுப்பிய கப்பித்தான் யாப் ஆ லோய் இந்நாட்டுக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லாத இளைஞர். சுரங்கத்தில் கூலியாகவும் சமையற்காரராகவும் வேலை செய்தவர்.

அடிமட்டத்தில் தொடங்கியது இரு சமூகத்துக்கும் பொதுவே. ஆனால் கடன் தீர்ந்த சீனத் தொழிலாளிக்கு லம்பத்துக்கு வெளியே ஒரு பட்டணம் இருந்தது. அங்கே அவருடைய ஊர்க்காரர் சங்கம் இருந்தது. படுக்க இடம், வேலைக்குப் பரிந்துரை, சிறு கடன் என்று எல்லாம் அங்கே கிடைத்தன. தையற்கடையோ காய்கறித் தோட்டமோ பலசரக்குக் கடையோ, ஏதோ ஒரு கதவு திறக்கும். எல்லாருக்கும் திறந்தது என்று சொல்ல முடியாது. பலர் அபின் குழாயோடு முடிந்துபோனார்கள். ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது.

நம் தாத்தா பாட்டி வந்து சேர்ந்த தோட்டத்தில் அந்தக் கதவு இல்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்த பின், கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தங்களைத் திரட்டி வரும் முறை வேரூன்றியது. 1938-இல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது ஓடியது. தோட்டத்தில் எல்லாமே உண்டு: வேலை, லயம், கோயில், டிரேசரின் மருந்தகம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை. அத்தனையும் ஒரே முதலாளியின் நிலத்தில் நின்றன. காலையில் பெரட்டுக்குப் போகாதவருக்கு அங்கே இருக்க உரிமையும் இல்லை.

"நம்மவர்கள் எதையும் கேட்கவில்லை" என்பதும் தவறான பேச்சு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். அவர்களின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. கள்ளுக்கடையை மூடு! நாதன் நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். குடித்தே கெட்டார்கள் என்று தாத்தாவைப் பழிப்பவர்கள், கள்ளுக்கடையை மூடச் சொல்லி நின்றவர்களும் அதே தலைமுறைதான் என்பதை ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அடுத்த திருப்பம் அவசர காலத்தில் வந்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், லாரிகளில் ஏற்றப்பட்டு 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் இறக்கப்பட்டார்கள். முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை, அளந்து கொடுத்த அரிசி. கொடுமையான காலம் அது. அதை யாரும் சலுகை என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் வேலி அகன்ற பிறகு அந்த மக்களிடம் மிஞ்சியது என்ன? சாலையோரம், பட்டணத்துக்குப் பக்கத்தில், ஒரு மனை. பலருக்கு அது முதலில் தற்காலிக உரிமம், பிறகு குத்தகைப் பத்திரம். முன்புறத்தில் கடை போடலாம். பின்புறத்தில் பன்றியோ கோழியோ வளர்க்கலாம். பெயர் சொன்னால் தபால்காரர் கண்டுபிடிக்கும் முகவரி ஒன்று உண்டு. நிலத்தின் காகிதம் கையில் இருந்தால் அதைக் காட்டிக் கடன் வாங்கலாம்.

அதே பத்தாண்டில் தோட்டத்துத் தமிழர்களையும் வேலிக்குள் கூட்டினார்கள்தான். வேலி தோட்டத்துக்குள்ளேயே நின்றது. வீடு கம்பெனி வீடாகவே இருந்தது. ஓய்வு பெறும் நாள்தான் வீட்டைக் காலி செய்யும் நாள். வீடு தங்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். எத்தனை வீடுகளில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, அண்ணனோ அக்காளோ பால்வாளியைத் தூக்கினார்கள் என்று உங்களுக்கே தெரியும். படிப்பில் ஆர்வம் இல்லாமல் நின்றவர்கள் சிலர். கூரை போய்விடக் கூடாதே என்று நிறுத்தப்பட்டவர்கள் பலர். ஊழியர் சேமநிதிப் பணம் கையில் வரும் அதே வேளையில் தலைக்கு மேல் இருந்த கூரை போகும். அந்தப் பணம் எங்கே தங்கும்?

1950-களின் பிற்பகுதியில் இன்னொரு இடி விழுந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் வந்த காலம் அது. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்று பேசினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 100 வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டினார்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. சேமிக்கத் தெரியாத சமூகமா இது? தினக்கூலியில் மிச்சம் பிடித்து வெள்ளைக்காரனின் தோட்டத்தை விலைக்கு வாங்கிய சமூகம்.

ஆனால் அந்தக் குடைக்குள் எல்லாரும் வந்துவிடவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டோடு பல்லாயிரம் பேர் பிறந்த மண்ணையும் வளர்த்த மரங்களையும் விட்டுக் கப்பலேறினார்கள். 1980-களிலும் 1990-களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ப் மைதானமும் வந்தன. இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் பெராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள். அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். தரைவீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கும் ஒரே நாளில் போவது எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். நாட்டில் விடுதலையின்போது 800-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500 சொச்சம் ஆனதற்கும் இந்த இடப்பெயர்வுதான் பெரிய காரணம்.

கல்வியிலும் இதே முடிச்சுத்தான். 1971-க்குப் பிறகு பல்கலைக்கழக இட ஒதுக்கீடு இரு சமூகப் பிள்ளைகளையும் பாதித்தது. இடம் கிடைக்காத சீனப் பிள்ளையின் தகப்பனார் கடையையோ மனையையோ அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். லயத்து வீட்டை எந்த வங்கியில் அடமானம் வைப்பது?

சீனரிலும் ஏழைகள் உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு. 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் தடுமாறியபோது, இலட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்கள் வாசலில் நின்றார்கள், பெரும்பாலோர் சீனர்கள். நம்மிலும் ஆரம்பத்திலிருந்தே பட்டணத்தில் காலூன்றிய நகரத்தார், தமிழ் முஸ்லிம் வணிகர், யாழ்ப்பாணத்துக் கிராணிமார் குடும்பங்கள் உண்டு. மருத்துவர், வழக்கறிஞர் பட்டியல்களில் நம் விகிதம் மக்கள்தொகை விகிதத்தைத் தாண்டி நின்றதற்கு அக்குடும்பங்களும் ஒரு காரணம். "இந்தியர்" என்ற ஒரே தலைப்பில் டாக்டரையும் தோட்டத்திலிருந்து கிளம்பிய லாரி ஓட்டுநரையும் கூட்டி வகுத்தால் நடுவில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணில் இருவருமே இருக்க மாட்டார்கள்.

இரத்தத்தில்தான் குறை என்பவர்கள் பாலத்தைத் தாண்டிப் பார்க்கட்டும். சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நடுவில் நிற்கும் இந்தியக் குடும்பத்தின் மாத வேலை வருமானம் 5,370 சிங்கப்பூர் வெள்ளி; சீனக் குடும்பத்துக்கு 5,100. அங்கே இந்தியாவிலிருந்து அண்மைக் காலத்தில் வந்த படித்த நிபுணர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1964-இல் வீவக வீடுகளைச் சொந்தமாக வாங்கும் திட்டம் அங்கே வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தை அதற்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் கூலி வேலை செய்த தமிழரும் தம் சேமநிதியைக் கொண்டே வீடு வாங்க முடிந்தது. இங்கே தோட்டத்துத் தாத்தாவின் சேமநிதி 55 வயதில் கைக்கு வந்தபோது, அவர் புது வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற கட்டடம் நிற்கிறது. நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம். அந்தப் பக்கம் போகும் பெற்றோர், அடுத்த தடவை வண்டியைக் கொஞ்சம் நிறுத்திப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். தாத்தாவின் பங்குச் சான்றிதழ் பழைய தகரப்பெட்டியில் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டியது அது.