ஒரு தாளில் ஒரு திட்டம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர்; ஆயின் ஊருக்குச் சென்றால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தடுமாறுகின்றனர். இக்குறையைப் போக்க ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துவதெனச் சங்கம் முடிவு செய்துள்ளது. எண்ணம் நன்று. ஆனால் இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பணம் குறுக்கிடுகிறது. ஆசிரியரைப் பற்றிப் பேசினால் தேர்வுக்காலம் குறுக்கிடுகிறது. இத்தகைய சிக்கலைத் தெளிவாக்கும் எளிய முறையொன்றைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

அதற்கு மனவரைபடம் என்று பெயர். ஒரு வெள்ளைத் தாளின் நடுவே நோக்கத்தை எழுதி, அதினின்று பெருங்கிளைகளும், அவற்றினின்று சிறுகிளைகளும் வரைந்து, ஒவ்வொன்றின்மீதும் ஓரிரு சொற்களை மட்டும் எழுதுவதே இம்முறை. இங்கிலாந்து நாட்டு டோனி புசான் 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரொன்றின் வாயிலாக இதனைப் பரப்பினார். மனிதர் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 7 செய்திகளையே மனத்தில் நிறுத்த இயலும் என்று அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். ஏறத்தாழ 4 தான் என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். எதுவாயினும், ஒரு திட்டத்தின் நாற்பது செய்திகளைத் தலையில் சுமக்க ஒருவராலும் ஆகாது, தாள் சுமக்கும்.

கிளை பிரித்துக் காணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் அறத்துப்பாலுக்கு 38, பொருட்பாலுக்கு 70, இன்பத்துப்பாலுக்கு 25 என 133 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறட்பாக்கள். அந்நூலின் அமைப்பு முழுவதையும் ஒரு மரமாக வரைந்துவிடலாம். பெருங்கிளைகள் எவை என்னும் வினாவுக்கும் வள்ளுவரே வழிகாட்டுகிறார். கைப்பொருள், கருவி, காலம், செயல், இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்குக என்பது வினைசெயல்வகை அதிகாரம் தரும் அறிவுரைகளுள் ஒன்று.

நம் வகுப்புக்கு இவ்வைந்தையும் வரைந்து பார்ப்போம். பொருட்கிளையில் நூல் வாங்கும் செலவு வரும். கருவிக்கிளையில் கரும்பலகையும் பாடநூலும் வரும். இடக்கிளையில் சமுதாயக் கூடம். அதன் நுனியில் 'திருமண நாள்களில் கிடையாது' என்று குறித்தல் வேண்டும். காலக்கிளையில் தில்லியின் சனவரி மூடுபனியும், பிப்ரவரி, மார்ச்சுத் தேர்வுகளும் இடம்பெறும். செயற்கிளையில் கற்பிப்போர் வருவர். அவருட் பலர் மத்திய அரசுப் பணியாளர் குடும்பத்தினர். மாற்றல் ஆணை பெரும்பாலும் கோடையில் வருவது. இச்செய்தியைக் காலக்கிளையோடு ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். வகுப்பைச் சூலையில் தொடங்குதல் வேண்டும், வகுப்புக்கு இருவரை அமர்த்துதல் வேண்டும் என்னும் இரு முடிவுகளும் தாமே புலப்படும். ஒருவர் மாற்றலாகிச் சென்றாலும் பிள்ளைகளின் படிப்பு நில்லாது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எவையெவை வேண்டும் என்று படம் காட்டும். எது முன், எது பின் என்று காட்டாது. ஆதலின் ஒவ்வொரு சிறுகிளையின் நுனியிலும் பொறுப்பேற்பவர் பெயரையும் முடிக்கும் நாளையும் எழுதி, அவற்றைத் தேதி வாரியாகத் தனியே பட்டியலிடல் வேண்டும். பெயரில்லாத கிளை காய்ப்பதில்லை.

அன்பர்களே! இல்லந்தோறும் இத்தகைய படம் ஒன்று வரைந்து சங்கச் செயலாளரிடம் தருமாறு வேண்டுகின்றோம். நடுவே 'தமிழ் வகுப்பு' என்று எழுதும் பணியைப் பிள்ளைகளிடமே விடுவோம். எழுத அறியாத பிள்ளைக்கு அதுவே முதற்பாடமாகட்டும்!