பந்தலிலேதான் பண்டிகை!

(‘பண்டிகையின் மகிழ்ச்சி பெரிதும் இருப்பது வீட்டு விருந்திலா? வீதிப் பந்தலிலா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘வீதிப் பந்தலிலே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, விருந்து விருந்துன்னு பேசியே எங்களுக்குப் பசியைக் கிளப்பிவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே!

எதிரணித் தலைவர் கேட்டாரு: “பந்தல்ல என்னய்யா இருக்கு? வெறும் பானகமும் நீர்மோரும்தானே?” வெறும் பானகமா? வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் பானகம். பங்குனி, சித்திரை வெயிலில் வியர்த்து வருகிறவனுக்கு வெல்லம் தெம்பு. மோரில் போட்ட உப்பு, உடம்பு இழந்த உப்பு. உங்க வடை பாயசம் தூக்கத்தைத்தான் கொடுக்கும்! (சிரிப்பு)

ஆந்திராவிலே மங்களகிரி நரசிம்மருக்குப் பானகம்தான் நிவேதனம். சுவாமி பாதியை ஏற்றுக்கொண்டு, மீதியைப் பக்தனுக்கே திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. சாமியே பாதிக்குப் பாதி பங்கு போடுது; நாம முழுசையும் வீட்டுக்குள்ள பூட்டலாமா? (கைதட்டல்)

வடக்கே போங்க. ஹோலிக்குத் தண்டாய்: பாலிலே பாதாம், சோம்பு, கசகசா, மிளகு அரைத்துக் கலக்கியது. முகமெல்லாம் வண்ணம் அப்பியிருக்கிறதால, குடிக்கிறது யாருன்னே தெரியாது! யாருன்னு தெரியாமக் கொடுக்கிறதுதானய்யா பண்டிகை!

யூதர்களுக்கு வசந்தத்திலே பஸ்கா. எகிப்திலே அடிமைப்பட்டு மீண்டதை நினைத்து, ஆளுக்கு 4 கிண்ணம் திராட்சை ரசம். அதற்கு மேல் ஒரு கிண்ணம் நிரப்பி, எலியா தீர்க்கதரிசிக்கென்று வைத்து, வாசல் கதவைத் திறக்கிறார்கள். “அது வீட்டு விருந்துதானே?” என்று எதிரணி துள்ள வேண்டாம். கதவு திறந்ததும் வீடே பந்தலாயிடுச்சே! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இப்போ ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்குப் பத்து வயசு. ஸ்ரீராம நவமிக்கு எங்க பாட்டி வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க. ஊத்திக் கொடுக்கிற வேலை எனக்கு. பெரியவர் ஒருத்தர் தள்ளி நின்னு, குனிஞ்சு, ரெண்டு கையையும் குவிச்சார். எங்க ஊர் டீக்கடையிலே அவங்களுக்குத் தனி டம்ளர். நானும் செம்பை உயரத் தூக்கி அவர் கையிலே ஊத்தினேன். யாரும் சொல்லித் தரலே. பார்த்துப் பழகினது.

பாட்டி செம்பைப் பிடுங்கினாங்க. எல்லாரும் குடிக்கிற டம்ளர்லேயே மொண்டு, “நிமிர்ந்து குடிங்கய்யா”ன்னு நீட்டினாங்க. அவர் குடிச்சு முடிச்சதும், மற்ற டம்ளர்களைக் கழுவுற மாதிரியே அதையும் கழுவி, பானகம் ஊத்தி என் கையிலே கொடுத்து, “இப்போ நீ குடிடா”ன்னாங்க. குடிச்சேன். அவமானமா இருந்தது. அவராலே இல்லே, என்னாலே.

விருந்துக்கு யார் யாரை அழைக்கிறதுன்னு நாமதான் பட்டியல் போடுறோம். பட்டியல் போட்டா விட்டுப் போறவங்க இருப்பாங்க. பந்தலுக்கு ஏதய்யா பட்டியல்? தாகம் இருந்தாப் போதும். ஆனா ஒண்ணு: பந்தல்லேயும் ரெண்டு டம்ளர் வச்சா, அது பந்தலே இல்லே.

ஆகவே, வருகிறவன் யாரென்று கேட்காமல், நிமிர்ந்து நின்று குடிக்கச் சொல்லுகிற வீதிப் பந்தலிலேதான் பண்டிகை இருக்கிறது என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)