தையல் மிஷின் மனுவில் இருக்கிற அம்மா

(நெம்மேலியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன வருஷம் இதே விழாவில் என்னை வரவு செலவு அறிக்கை வாசிக்கச் சொன்னாங்க. பாதிப் பேர் தூங்கிட்டீங்க. அதனால இந்த வருஷம், "தேர்தல்ல நின்ன ஒரு பெண் தலைவரைப் பத்திப் பேசு, உள்ளாட்சித் தேர்தல் வரப்போகுது"ன்னு சொல்லிட்டாங்க. யாரைப் பத்திப் பேசுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிற தையல் மிஷின்தான் வழி காட்டிச்சு.

அந்த மிஷின் சமூக நலத்துறை மூலமா எனக்குக் கிடைச்சது. என் வீட்டுக்காரர் இறந்ததுக்கு மறு வருஷம். மனுவின் தலைப்பில் திட்டத்தோட பேரை எழுதணும்: 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்'. ஒரு வரிக்குள் அடங்காது. அப்புறம் நானே ஊக்குநராகி எத்தனையோ பேருக்கு இதே மனுவை எழுதிக் கொடுத்திருக்கேன். யார் இந்த அம்மான்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. ஒரு தடவை ஒரு பொண்ணு கேட்டா: "அக்கா, இவங்க பெரிய டெய்லரா?" நானும், "இருக்கும்மா"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பதிலைத் திருத்துறதுக்குத்தான் இன்னைக்கு மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

அவங்க டெய்லர் இல்லை. மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், மாநில அமைச்சர், பிறகு மாநிலங்களவை உறுப்பினர், மத்திய அமைச்சர். 1923 பிப்ரவரி 15ஆம் தேதி பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். ஆக, நம்ம மாவட்டத்துப் பொண்ணு. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். இதை நான் மெதுவாச் சொல்லிட்டுப் போக விரும்பலை. அவரோட அரசியல் முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் நடந்தது.

1949இல் தி.மு.க. தொடங்கினப்போ இருந்தே அந்தக் கட்சியில் இருந்தவர். மேடையில் பேசுவார், 'அன்னை' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தப்போ ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைங்க பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் படிக்கணும், மீதி நேரம் அப்பா செய்யிற தொழிலைக் கத்துக்கணும். குலக்கல்வித் திட்டம்னு எதிர்த்தவங்க அதுக்குப் பேர் வச்சாங்க. கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வலை போடுறவர் பிள்ளை மத்தியானத்துக்கு மேல வலை, மாடு மேய்க்கிறவர் பிள்ளை மாடு. நம்ம பிள்ளைங்க இன்னைக்கு நர்சிங் படிக்குது, பாலிடெக்னிக் போகுது. அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடிக் கைதானவர்களில் இந்த அம்மாவும் ஒருத்தர். மறு வருஷம் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டத்தை எடுத்துட்டார்.

1957இல் முதல் தேர்தல். தி.மு.க.வுக்கே அதுதான் முதல் சட்டமன்றத் தேர்தல். சென்னை பெரம்பூரில் நின்னாங்க. கட்சிக்கு அப்போ தேர்தல் அங்கீகாரம் கிடையாது. அதனால பட்டியலில் சுயேச்சை என்றுதான் இருக்கும். அந்தக் காலத்தில் சில தொகுதிக்கு ரெண்டு உறுப்பினர், ஒண்ணு பொது, ஒண்ணு தனி. ஓட்டுப் போடுறவங்களுக்கும் ரெண்டு ஓட்டு. பெரம்பூர் அப்படி ஒரு தொகுதி. பக்கிரிசாமி பிள்ளையும் சத்தியவாணி முத்துவும் ஜெயிச்சாங்க. அந்தத் தேர்தலில் தி.மு.க.வில் ஜெயிச்சு உள்ளே போனது மொத்தம் 15 பேர். அண்ணா, கருணாநிதி, அன்பழகன் எல்லாம் அந்த 15 பேரில் உண்டு. அதில் பெண் இவர் ஒருத்தர்தான். வயசு 34.

இப்போ நான் நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம் வருது. 1962.

அந்தத் தேர்தலில் கட்சி 15இல் இருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆனா அந்த அம்மா அதே பெரம்பூரில் தோற்றார். ஜெயிச்சது காங்கிரஸ் கட்சியின் டி. சுலோசனா, அவரும் ஒரு பெண்தான். கட்சியில் இருக்கிறவங்க எல்லாம் மாலை போட்டுக்கிட்டுச் சட்டசபைக்குப் போறப்போ, அஞ்சு வருஷம் உள்ளே உட்கார்ந்துட்டு வந்தவங்க வெளியே நின்னு பார்க்கிறது லேசு இல்லை. அந்த வருஷம் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோத்தார் என்பது ஒரு ஆறுதலா இருந்திருக்கலாம். ஆனா பக்கத்து வீட்டுக்காரனும் கீழே விழுந்தான்னா நம்ம முட்டி வலி குறையுமா?

உங்களில் பல பேருக்குத் தெரியும், 2021 அக்டோபரில் நான் வார்டுக்கு நின்னேன். செங்கல்பட்டு புது மாவட்டம் ஆனதால் நமக்கும் இன்னும் சில மாவட்டங்களுக்கும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளி அந்த வருஷம் நடந்தது. வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய் டெபாசிட், ஆதிதிராவிடர் என்றால் 100. பணம் பெரிசு இல்லை. 19 ஓட்டில் தோத்தேன். பெரிய தோல்வி இல்லைன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தெருவில் நடக்கும்போது எதிரே வர்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, 'இவ போட்டாளா, போடலையா'ன்னு கணக்குப் போட்டேன். என் குழுவிலேயே எத்தனை பேர் போடலைன்னு கணக்குப் போட்டேன். மூணு மாசம் குழுக் கூட்டத்துக்கு வரலை. சேமிப்புப் பணத்தை மட்டும் மககிட்ட கொடுத்தனுப்பினேன். பதிவேட்டில் அந்த மூணு மாசமும் என் பேருக்கு நேரா கையெழுத்து இருக்காது. இப்பவும் போய்ப் பார்க்கலாம்.

அந்த அம்மா பெரம்பூரை விட்டுப் போகலை. அஞ்சு வருஷம் கட்சி வேலை பார்த்துட்டு 1967இல் அதே தொகுதியில் நின்னாங்க. ஜெயிச்சாங்க. அண்ணா முதலமைச்சர் ஆனார். அவரையும் சேர்த்து ஒன்பது பேர் அமைச்சரவை. அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. அன்னைக்கு ஹரிஜன நலத்துறைன்னு பேர் இருந்த, இன்னைக்கு ஆதிதிராவிடர் நலத்துறைன்னு சொல்ற துறையும், செய்தித் துறையும் அவரிடம். 1971இல் பெரம்பூரில் மறுபடியும் வெற்றி. அண்ணா மறைந்த பிறகு கருணாநிதி அமைச்சரவையிலும் அதே நலத்துறையைப் பார்த்தார்.

அது சும்மா நாற்காலி இல்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி தஞ்சாவூர் மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்த்திக் கேட்ட விவசாயக் கூலி சனங்க. பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அப்போ அந்த மக்களுக்கான துறைக்கு அமைச்சர் இவர்தான். ஒரு அமைச்சர் நினைச்சா எவ்வளவு செய்ய முடியும், எவ்வளவு செய்ய முடியாதுன்னு அவங்க ராத்திரி படுத்துட்டு யோசிக்காம இருந்திருப்பாங்களா? எனக்கு அப்படித் தோணலை.

1974இல் பதவியை விட்டு வெளியே வந்தார். கட்சிக்குள்ள தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிய மரியாதை இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கட்சித் தலைமை மேலேயே அதைச் சொன்னார். கட்சிக்காரங்க அதை ஒத்துக்கலை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரலை; இங்கே எல்லாக் கட்சிக்காரங்களும் உட்கார்ந்திருக்கீங்க, சாப்பாடு வேற வரணும். நான் சொல்றது ஒண்ணுதான். 25 வருஷம் இருந்த கட்சி, கையில் மந்திரி பதவி, ரெண்டையும் ஒரே நேரத்தில் விட்டுட்டு வெளியே வர்றது சாதாரணம் இல்லை. நாம ஒரு குழுவில் பிரதிநிதிப் பொறுப்பை மாத்தணும்னாலே எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிறோம்!

வெளியே வந்து 'தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்' என்று தனிக்கட்சி ஆரம்பிச்சாங்க. அது எதிர்பார்த்த அளவு வளரலை. 1977 தேர்தலில் எம்.ஜி.ஆரோட அ.தி.மு.க.வுடன் கூட்டணி, பிறகு அதிலேயே இணைப்பு. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. தனியா நிக்கணும்னு வந்தவங்க மறுபடியும் ஒரு பெரிய வீட்டுக்குள்ளேயே போயிட்டாங்களேன்னு. அப்புறம் நம்ம கூட்டமைப்பை நினைச்சுப் பார்த்தேன். 12 பேர் குழு தனியா பேங்க்குக்குப் போனா மேனேஜர் நிமிர்ந்து பார்க்கிறாரா? அதனால அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

1978 ஏப்ரலில் மாநிலங்களவைக்குப் போய் 1984 ஏப்ரல் வரை இருந்தார். இடையில் 1979இல், சரண் சிங் பிரதமராக இருந்த கொஞ்ச காலத்தில், மத்திய அமைச்சரானார். திராவிடக் கட்சிகளில் இருந்து டெல்லி அமைச்சரவைக்குப் போன முதல் ரெண்டு பேரில் இவர் ஒருத்தர். அது சில மாசம்தான். அந்த ஆட்சியே அவ்வளவுதான் ஓடுச்சு.

டெல்லியில் மந்திரியா இருந்துட்டு வந்தவங்க 1984இல் திரும்ப எங்கே நின்னாங்க? பெரம்பூரில். 61 வயசு. இந்தத் தடவை அ.தி.மு.க. சார்பில். எதிரே தி.மு.க.வில் பரிதி இளம்வழுதி, இருபத்தஞ்சு வயசு இளைஞர். அவரிடம் தோத்துட்டாங்க. ஆகப் பெரம்பூரில் மட்டும் அஞ்சு தடவை நின்னு மூணு வெற்றி, ரெண்டு தோல்வி. 1999 நவம்பர் 11இல் காலமானார்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். நம்ம திருப்போரூர் தொகுதிக்கும் ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினர் இருந்திருக்காங்க. 2001இல் அ.தி.மு.க.வில் ஜெயிச்ச கனிதா சம்பத். அப்போ இது தனித் தொகுதி. அவரே 2011இல் மதுராந்தகத்தில் ஜெயிச்சார். 2021 தேர்தலில் மொத்த 234 பேரில் ஜெயிச்ச பெண்கள் 12 பேர். எண்ணிப் பாருங்க, ஒரு குழு அளவுதான். நம்ம குழு ஒண்ணைத் தூக்கிட்டுப் போய்ச் சட்டசபையில் உட்கார வச்சா அதுதான் கணக்கு. மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு 2023இல் பார்லிமெண்டில் சட்டம் போட்டாச்சு. மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதியைப் பிரிச்சு, அப்புறம்தான் நடைமுறைக்கு வரும்.

ஊராட்சியில் அப்படி இல்லை. 1996இல் இருந்து மூணுல ஒரு பங்கு நமக்கு இருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்திப் பாதி ஆக்கிட்டாங்க. இடம் இருக்கு. ஆனா அந்த இடத்தில் யார் உட்கார்றாங்க? தலைவர் பேரு போர்டில் பொம்பளை பேரு; உள்ளே போனா நாற்காலியில் வீட்டுக்காரர். கிராம சபையில் அம்மா கையெழுத்துப் போட்டுட்டு ஓரமா நிக்கிறாங்க. சிரிக்காதீங்க. நானும் 2021இல் மனுத் தாக்கல் பண்ணப் போறப்போ, அங்கே இருந்த ஒருத்தர் என்னைப் பார்க்காம, கூட வந்த என் தம்பியைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் கேட்டார். நானும் வாயை மூடிட்டு நின்னேன். அது அவர் தப்பு மட்டும் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். சிலருக்குப் பிடிக்காது. நம்ம கூட்டமைப்பு ஆரம்பிச்ச புதுசுல, கூட்டத்தை எங்கே போடுறதுன்னு சண்டை வந்தது ஞாபகம் இருக்கா? காலனிச் சமுதாயக் கூடத்தில் ஃபேன் இருந்தது, பாத்ரூம் இருந்தது. ஊர்ப் பக்கத்துக் குழுக்கள் வெயில்ல கோயில் மரத்தடியில்தான் உட்காருவோம்னு சொன்னாங்க. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லலை. நானும் ஊர்ப் பக்கத்துக்காரிதான், நானும் மரத்தடியில்தான் உட்கார்ந்தேன். அப்போ காலனியில் இருந்து வந்த பொருளாளர் அக்கா, சாவியை மேசை மேல வச்சுட்டு, "நீங்க அங்கே வர்ற அன்னைக்குக் கணக்கு நோட்டைத் தர்றேன்"னு சொல்லிட்டு எழுந்து போனாங்க. ஒரு மாசம் கடன் ஒண்ணும் ஓடலை. ரெண்டாவது மாசம் எல்லாரும் கூடத்துக்குப் போனோம். இன்னைக்கு அங்கேதான் கூடுறோம், டீயும் அங்கேதான் குடிக்கிறோம். சத்தியவாணி முத்து பதவியை விட்டதைப் படிச்சப்போ எனக்கு அந்தச் சாவிச் சத்தம்தான் கேட்டது. அந்த அக்கா இப்போ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. பேர் சொன்னா என்னைத் திட்டுவாங்க.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு நான் மறுபடியும் நிக்கிறேன். என் வார்டு பெண்கள் வார்டா வந்தாலும் சரி, பொதுவா வந்தாலும் சரி. மனுத் தாக்கலுக்குத் தம்பி வரமாட்டான். குழுவில் இருந்து ரெண்டு பேர் கூட வாங்க. 19 ஓட்டு குறைஞ்சதில் யார் யாருன்னு நான் இப்போ கணக்குப் போடுறதில்லை, தைரியமா வரலாம்.

கடைசியா ஒரு வேலை. தையல் மிஷினுக்கு மனு எழுதணும்னு ஏழு பேர் பேர் கொடுத்திருக்கீங்க. கணவனை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, ஆதரவில்லாதவங்க, மாற்றுத்திறனாளிகள் போடலாம். வயசு 20இல் இருந்து 40க்குள்ள இருக்கணும், வருஷ வருமானம் அரசு வச்சிருக்கிற வரம்புக்கு மேல போகக்கூடாது. ஆதார், வருமானச் சான்று, ஆறு மாசம் தையல் படிச்ச சான்று, போட்டோ, எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் பின்பக்க வராண்டாவுக்கு வாங்க. செங்கல்பட்டு சமூக நல அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை நானே கொண்டு போறேன். போன தடவை ரெண்டு பேர் இடம் பத்தலைன்னு தலைப்பில் 'தையல் மிஷின் திட்டம்'னு மட்டும் சுருக்கி எழுதியிருந்தீங்க. இந்தத் தடவை ரெண்டு வரி ஆனாலும் பரவாயில்லை, அந்த அம்மா பேரை முழுசா எழுதுங்க.